கறுப்பு காரில் வலைக்கீறல்: வீட்டிலேயே எடுக்க விரும்புபவருக்கு

எங்கள் அப்பா காலையில் காபி குடித்த கையோடு செய்யும் முதல் வேலை, ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பது. அவிநாசிப் பக்கம் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமா? திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்க அதைவிடத் தோதான துணி கிடையாது. ஆனால் ராத்திரி முழுக்கப் புழுதி படிந்த கறுப்பு பானெட்டின் மேல், தையலும் ஓரமுமாக இருக்கும் அந்தத் துணியைக் காய்ந்தபடியே இழுத்தால், துணி மட்டுமா இழுபடுகிறது? அடியில் இருக்கும் மண்ணும் சேர்ந்துதான். இரண்டு வருடம் அப்படி அன்பாகத் துடைக்கப்பட்ட பிறகு, பொழுதோட பெட்ரோல் பங்கில் விளக்குக்கு அடியில் நின்றபோது பார்த்தேன். பானெட் முழுக்கச் சிலந்தி வலை.

அந்த வலையை எடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் காரை மெருகேற்றித் தரும் டீடெயிலிங் கடை வைத்திருப்பவன் இல்லை. சொந்த வண்டியில் ஒரு தடவை கெடுத்து, அப்புறம் பழகியவன்.

முதலில் அந்த வட்டங்கள் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் வட்டலை எடுத்து ஒரு பல்புக்குக் கீழே பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். வட்டலை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டமான கீறல் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க்கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுகின்றன. அதுதான் வட்டமாகத் தெரிகிறது. கார் பெயின்ட்டிலும் இதே கதை. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும், கண்ணுக்குத்தான் படாது. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், கீறலின் விளிம்பில் சிதறும் கொஞ்சம் வெளிச்சமும் பளிச்சென்று தெரிகிறது.

கீறல் இருப்பது கறுப்பு நிறத்தில் இல்லை, அதன் மேல் இருக்கும் கிளியர் கோட்டில். தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனி பெயின்ட்டில் இந்த அடுக்கெல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது அந்தத் தாளில் பாதிகூடத் தேறுவது கஷ்டம். பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அல்ல. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி இறக்கும் வேலை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றும் சரக்கு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அதை எச்சாகச் சீவினால், நாலு வருடம் கழித்து ரூஃபில் வெள்ளை பூத்துத் தோல் உரிவதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே எது போகும், எது போகாது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டுப்படவில்லையென்றால் பாலிஷில் போகும். நகம் சிக்கினால் அதை முழுதாக எடுக்க முயல வேண்டாம். விளிம்பு மழுங்கி, முன்னைவிடக் கண்ணை உறுத்தாமல் ஆனால் போதும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எந்தப் பேனல் டிங்கரிங் ஆனது? பெயின்ட் கனம் அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் ஒரு நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா இடமும் 110, 120 என்று வந்து ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். தகரத்தில்தான் இந்த மீட்டர் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. 80க்குக் கீழே காட்டும் இடத்தில் ஏற்கெனவே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

கழுவுவதில்தான் பாதி வேலை

அழுக்கு வண்டியில் மெஷின் வைப்பதும் பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் ஒன்றுதான். மெஷின் அதையே இன்னும் வேகமாகச் செய்யும்.

காலை 7 மணிக்கு முன்னால், நிழலில், பேனல் கைக்குச் சில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். முதலில் வெறும் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி, கை படாமலேயே எவ்வளவு மண் போகுமோ அவ்வளவையும் போக வையுங்கள். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பேனலைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்புவுக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். ரூஃப், பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கீழ்ப்பகுதி. அங்கேதான் மண் எச்சு. பாத்திரம் கழுவும் சோப்புத் தூளும் துணி சோப்பும் வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை, தண்ணீர். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவருக்கு இது புரியாது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டு உப்புத் தண்ணீர் எடுக்கும் எங்களுக்குத்தான் தெரியும். கறுப்புப் பேனலில் ஒரு சொட்டு அப்படியே காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். கனமான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பழைய உப்புக்கறை இருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, குளிர்ந்த பேனலில் ஒரு நிமிடம் நனைத்து வைத்து அலசுங்கள். அப்போதும் வளையம் தெரிந்தால் அது பெயின்ட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், பாலிஷில் பார்த்துக்கொள்ளலாம்.

காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் மாதிரி தெரியும். பெயின்ட்டில் குத்தி ஒட்டிக்கொண்ட தூள் அது. கோவையில் ஃபவுண்டரிகளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வண்டியிலும், ஈரோடு ஜங்ஷன் மாதிரி ரயில் நிற்கும் இடத்தில் நாள்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகிற வண்டியிலும் இரும்புத் தூள் அதிகம் இருக்கும். அதற்கென்று இரும்புத் துகள் எடுக்கும் திரவம் விற்கிறார்கள். தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். காய விடாமல் அலசிவிடுங்கள்.

மிச்சம் இருப்பதற்குக் கிளே பார். பிசைந்த மாவு மாதிரி ஒரு களிமண் கட்டி. தட்டையாக்கி, பேனலில் ஷாம்புத் தண்ணீரோ அதற்கான ஸ்ப்ரேயோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் வழுக்க விடுங்கள். சொரசொரப்பு சத்தம் அடங்கியதும் அடுத்த இடம். கட்டியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கம் வெளியே வரும்படி செய்யுங்கள். கீழே மண்ணில் விழுந்தால் அந்தக் கட்டியோடு உறவு முடிந்தது. எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி தேய்க்கிற ஆசை வரும், வேண்டாம். கிளே பாரே கறுப்பில் லேசான கீறல் போடும். பாலிஷ் போடப் போகிறோம் என்பதால் இப்போது பரவாயில்லை. பாலிஷ் போடாத நாளில் சும்மா கிளே பார் எடுக்காதீர்கள்.

எந்த மெஷின்

இங்கேதான் நான் கெட்டேன். டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாப்ளயிடம் ரப்பிங் மெஷின் வாங்கி வந்தேன். ஒரே அச்சில் கிரைண்டர் மாதிரி சுற்றும் ரோட்டரி அது. அவர் கையில் அது எழுதுகோல் மாதிரி, என் கையில் ஏர்க்கலப்பை. முன்பக்க ஃபென்டரின் மடிப்பு விளிம்பில் நாலு விநாடி நின்றிருக்கும், சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிரைமர் எட்டிப் பார்த்தது. கிளியர் கோட்டும் நிறமும் சேர்ந்து போயாச்சு. அந்த ஃபென்டரை மறுபடி அடிக்க ஆன செலவுக்கு இரண்டு நல்ல மெஷின் வாங்கியிருக்கலாம்.

முதல் தடவை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான். இதில் பாலிஷ் வைத்துத் தேய்க்கும் பேடு சுற்றவும் செய்யும், ஊஞ்சல் மாதிரி இப்படி அப்படி அலையவும் செய்யும். பலமாக அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் ஒரே இடத்தில் சூடேற்றிப் பெயின்ட்டைப் பொசுக்குவது அவ்வளவு எளிதல்ல. வேலை மெதுவாக நடக்கும். இருக்கட்டும். ரோட்டரி விட்டுப்போகும் ஹோலோகிராம் என்கிற மினுமினுப்புத் தடத்தையும் இது போடாது. பட்டறையில் கறுப்பு வண்டிக்கு "ரப்பிங் பாலிஷ்" அடித்து வாங்கியவர்கள், வெயிலில் பார்த்தால் வில்வில்லாக ஒரு தடம் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் ஹோலோகிராம்.

இதோடு வேண்டியவை: நடுத்தர ஃபோம் பேடு மூன்று, மென்மையான ஃபோம் பேடு மூன்று, நடுத்தரப் பாலிஷ் ஒன்று, மெருகு பாலிஷ் ஒன்று, மாஸ்கிங் டேப், நல்ல டார்ச், ஓரத்தில் தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி ஒரு பத்து. துணியில் கம்பெனி சீட்டு தைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள், அதுவே கீறும். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பற்பசையும் தேங்காய் எண்ணெயும் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் போய்விடும், நடுவில் புழுதியை அழைத்து ஒட்டவைக்கும். பற்பசை பல்லுக்காகச் செய்தது. கறுப்புப் பெயின்ட்டில் அது ஒரு கீறலை எடுத்து நூறு மெல்லிய கீறல் வைக்கும்.

சோதனைக் கட்டம்

ரப்பர் பட்டை, கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, பேனல் விளிம்பு, உடம்புக் கோடுகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மேடான விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு.

பானெட் நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு கட்டம் எடுத்துக்கொண்டு அதில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். மென்மையான பேடு, மெருகு பாலிஷ். அதிலேயே வலை போய்விட்டால் வண்டி முழுக்க அதையே செய்யுங்கள், காசும் கிளியர் கோட்டும் மிச்சம். போகவில்லையென்றால் நடுத்தரப் பாலிஷ், அதற்கும் போகவில்லையென்றால் நடுத்தரப் பேடு. சாதாரண வலைக்கீறலுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. கம்பளிப் பேடும் கட்டிங் காம்பவுண்டும் உங்கள் முதல் வண்டிக்கு வேண்டாம்.

செய்யும் விதம் இது. பேடில் பட்டாணி அளவு நாலைந்து பொட்டு பாலிஷ். புதுப் பேடு என்றால் முதல் தடவை முகம் முழுக்க மெல்லிசாகப் பூசிக்கொள்ளுங்கள். மெஷினைப் பேனலில் வைத்த பிறகே சுவிட்ச். காற்றில் தூக்கிப் பிடித்துப் போட்டால் பாலிஷ் உங்கள் சட்டையிலும் கண்ணாடியிலும் இருக்கும். ஒன்றாம் வேகத்தில் கட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு, நாலு அல்லது ஐந்தாம் வேகத்துக்கு ஏற்றுங்கள். கையை நகர்த்தும் வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். புதியவர்கள் எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது போலச் சட்சட்டென்று ஓட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். முதலில் இடம் வலமாக, அப்புறம் மேல் கீழாக, இப்படி நாலு சுற்று. மெஷினின் கனத்தோடு கை லேசாக அழுத்தினால் போதும். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், ஓடும்போது அது சுற்றுகிறதா, அழுத்தத்தில் நின்றுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். நின்றிருந்தால் வெறும் அதிர்வுதான், கீறல் போகாது. பேடு எப்போதும் தட்டையாகப் படிய வேண்டும்.

பாலிஷ் எண்ணெய்ப் படலமாக, உள்ளே பார்க்கும்படி தெளிந்ததும் நிறுத்தித் துடையுங்கள். உடனே "ஆஹா" என்று சொல்லிவிடாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருக்கும். ஆல்கஹால் கலவையைத் தெளித்து, புதுத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். இப்போது தெரிவதுதான் உண்மை. இரண்டு கட்டத்துக்கு ஒரு தடவை பேடில் இருக்கும் பழைய பாலிஷைத் துணியாலோ பிரஷ்ஷாலோ எடுத்துவிடுங்கள். பேடு ஈரமாகிக் கனத்தால் அடுத்ததை மாட்டுங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடு கறுப்பாகக் கூடாது. கறுப்பு ஏறினால் ஒன்று, உங்கள் வண்டி கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட். இல்லாவிட்டால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். எதுவானாலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேனல் கை வைக்க முடியாமல் சுட்டாலும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கே ஒரு வேகம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செடான் வண்டிக்கு எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் சாயங்காலம் செய்யும் கதவுகளில் பொறுமை இருக்காது. ஆடியில் தொடங்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைக்கு நல்லது, திறந்த போர்டிகோவில் ஈரப் பாலிஷோடு நிற்கும் கறுப்புக் காருக்கு இல்லை. சித்திரை வெயிலிலும் வேண்டாம், பாலிஷ் வைத்த கையோடு காய்ந்துவிடும். எனக்குத் தோதுப்பட்டது தை, மாசி.

நடுத்தரப் பேடில் செய்திருந்தால், கீறல் போன பிறகும் கறுப்பு லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். வெள்ளைக் காரில் இதோடு விட்டுவிடலாம். கறுப்பில் முடியாது. மென்மையான பேடும் மெருகு பாலிஷும் போட்டு இன்னொரு சுற்று, இந்தத் தடவை அழுத்தமே இல்லாமல். இதற்குப் பிறகுதான் பானெட்டில் வேப்பமரத்தின் இலை ஒவ்வொன்றாகத் தெரியும்.

கடைசியாக மேலே ஒரு காப்பு. வாக்ஸ் சில வாரம், சீலன்ட் சில மாதம், செராமிக் கோட்டிங் அதைவிட அதிகம். செராமிக் போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 9எச் என்று அவர்கள் சொல்வது பென்சில் முனையை வைத்துப் பார்க்கும் கடினம், மண்ணை வைத்துத் தேய்த்துப் பார்த்தது அல்ல. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கும், கழுவுவது சுலபமாகும், அதுதான் லாபம். எனக்கு ஸ்ப்ரே சீலன்டே போதுமாக இருக்கிறது.

இனித் துடைக்கும் கதை. காய்ந்த புழுதியை எந்தத் துணியாலும் துடைக்கக் கூடாது, மைக்ரோஃபைபரானாலும் சரி. வாட்டர் சர்வீஸில் விட்டால் "தண்ணி மட்டும் அடிங்க, தொடைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஒரே துணி காலையிலிருந்து எத்தனை லாரியைப் பார்த்ததோ. மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மணக்க ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னபோது, "இத்தனை புழுதிய அப்படியே உட்டுட்டு எப்படிடா கண்ணு வண்டியெடுக்கறது?" என்றார். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஷாம்புத் தண்ணீரும் ஐந்து துணியும் கொடுத்து, நனைத்து ஒற்றி எடுக்கக் காட்டினேன். கண்ணாடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கப்பா என்றேன். பனியன் வேஸ்ட் மூட்டை தோட்டத்துச் சாளைக்குப் போய் டிராக்டருக்கு ஆகிவிட்டது.

ஆயுத பூஜை நோம்பிதான் பாக்கி. சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் ஒரு வருட உழைப்பு போச்சு. பொட்டை முன் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். சரி என்றார், பானெட் நடுவில் ஒரே ஒரு பொட்டு தவிர. அந்த ஒன்றை மறுநாள் காலை ஈரத் துணி போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுக்கிறேன்.